துச்சிலும் புக்கிலும்: கல்கத்தா வாடகைச் சட்டங்களும் நம் குடித்தனங்களும்

நிலையாமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவப் பெருந்தகை இருவகை இல்லங்களைக் குறிக்கின்றார். ஒன்று துச்சில், பிறர்க்குரிய மனையில் ஒரு புறமாக ஒதுங்கி வாழும் இடம். மற்றொன்று புக்கில், புகுந்த பின் வெளியேற வேண்டாத நிலைத்த இல்லம். உடம்பினுள் தங்கிய உயிரின் நிலையை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உவமை இது. உவமையாக எடுத்தாளும் அளவிற்கு, பிறர் மனையில் ஒண்டியிருப்போரின் மனக்கலக்கம் அந்நாளிலேயே யாவரும் அறிந்ததாக இருந்திருக்க வேண்டும். கல்கத்தா மாநகரில் குடியேறி மூன்று, நான்கு தலைமுறை கண்டுவிட்ட நம்மவர்க்கோ இஃது உவமையோடு நிற்பதில்லை. மாதத்தின் முதல் வாரந்தோறும் வந்து கதவைத் தட்டும் வாழ்க்கை இது.

சிலப்பதிகாரத்திலும் வீடு தேடி வந்த ஒரு குடும்பத்தைக் காண்கிறோம். புகாரை விட்டு மதுரைக்கு வந்த கோவலனையும் கண்ணகியையும் கவுந்தியடிகள் ஆயர்குல மூதாட்டி மாதரியிடம் அடைக்கலமாக ஒப்புவித்தார். மாதரி அவர்களுக்குப் புதுமனை ஒன்றைத் தந்து குடியமர்த்தினாள். அடைக்கலம் வந்தோரைக் காக்க இயலாமற் போனபோது, அத்துயர் தாளாது தீயில் புகுந்து உயிர் நீத்தாள். மாதரியைப் போன்ற மனைக்குரியோர் எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் கிடைப்பதில்லை. கிடைக்காத இடத்தில் சட்டம் வேண்டியதாயிற்று. அச்சட்டம் கல்கத்தாவில் எவ்வாறு பிறந்தது, யாரைக் காத்தது, யாரைக் கைவிட்டது என்பதை நம் குடும்பங்களின் கண்கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

குடிபுகுந்த காலம்

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்மவர் இந்நகருக்கு வந்தது பெரும்பாலும் எழுதுகோலை நம்பியே. அரசின் கணக்கு அலுவலகங்களும், வங்கிகளும், வணிக நிறுவனங்களும் ஆங்கிலமும் கணக்கும் அறிந்த இளைஞர்க்கு இடமளித்தன. திருமணமாகாதோர் மெஸ்களில் தங்கினர். குடும்பத்தோடு வந்தோர் வாடகை வீடு தேடினர்.

அவ்வாறு வந்தவருள் ஒருவரை உலகம் அறியும். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வேங்கட ராமன், 1907ஆம் ஆண்டு நிதித்துறை அதிகாரியாக இந்நகருக்கு வந்தார். பௌபஜார்த் தெருவை ஒட்டிய ஸ்காட் சந்தில் இளம் மனைவியோடு வாடகை வீட்டில் குடியேறினார். அலுவலகத்திற்கு டிராமில் செல்லும் வழியில்தான் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகை அவர் கண்ணிற்பட்டது. பிற்பாடு அக்கழகத்தை அடுத்த வீட்டிலேயே குடியமர்ந்து, ஆய்வுக்கூடத்திற்கு நேரே செல்ல இடையில் ஒரு கதவையும் அமைத்துக்கொண்டார். 1930ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற அந்தப் பேருழைப்பிற்கு அந்த அண்மையும் துணை நின்றது. குடியிருக்கும் வீடு எங்கே வாய்க்கிறது என்பது ஒரு மனிதனின் வாழ்வில் எத்துணை பெரிய செய்தி என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நகரமோ நெரிந்து கொண்டிருந்தது. 1890களின் இறுதியில் வந்த பிளேக் நோய், காற்றும் ஒளியும் புகாத சந்துகளின் அவலத்தை வெளிக்காட்டியது. அதன் விளைவாக 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி கல்கத்தா நகர மேம்பாட்டு அறக்கட்டளை தோன்றியது. அது அகன்ற சாலைகளைத் திறந்தது; தெற்கே சதுப்பு நிலத்தை அகழ்ந்து ஏரியை உண்டாக்கியது. ராஷ்பிஹாரி சாலையும் லேக் மார்க்கெட்டும் சூழ்ந்த அப்புதிய தென்பகுதியில்தான் நம்மவர் பெருகினர். வாழையிலையும், காப்பிக்கொட்டையும், மல்லிகைச் சரமும் அங்கு வந்தன. ஆயினும், புதுச்சாலை திறப்பதற்கு இடிக்கப்பட்ட பழைய வீடுகளில் இருந்தோர் எங்கே சென்றனர் என்ற வினா எழாமல் இல்லை. சாலை அகன்ற இடத்தில் குடியிருப்பு குறைந்தது. குடியிருப்பு குறைந்த இடத்தில் வாடகை ஏறியது.

முதற் சட்டம்

முதல் உலகப்போர் வாடகைச் சட்டங்களின் தாய் எனலாம். போர்க்காலத்தில் வீடு கட்டும் பணி நின்றுவிடும். தொழிற்சாலைகளை நாடி மக்கள் குவிவர். 1915ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், கணவரைப் போருக்கு அனுப்பிய பெண்கள் உயர்த்தப்பட்ட வாடகையைக் கொடுக்க மறுத்துத் தெருவில் இறங்கினர். மேரி பார்பர் என்னும் இல்லத்தரசி அவர்களுக்குத் தலைமை தாங்கியோருள் ஒருவர். அவ்வாண்டின் இறுதிக்குள் பிரிட்டிஷ் அரசு வாடகையைக் கட்டுப்படுத்திச் சட்டம் செய்தது. பம்பாய் 1918ஆம் ஆண்டிலும், கல்கத்தா 1920ஆம் ஆண்டிலும் அதனைப் பின்பற்றின.

கல்கத்தாச் சட்டத்தின் அடிப்படை எளிமையானது. 1918 நவம்பர் முதல் நாளன்று ஒரு வீட்டிற்கு இருந்த வாடகையோடு நூற்றுக்குப் பத்து கூட்டினால் வருவதே தக்க வாடகை; அதற்கு மேற்பட்டுக் கேட்டால் குடியிருப்பவர் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் முறையிடலாம். இச்சட்டம் நிலையானதாகக் கருதப்படவில்லை, 1920களிலேயே காலாவதியாயிற்று. அச்சட்டம் செய்தோர் அதனை வெள்ளக்காலத்தில் போடும் மண்மூட்டையாகவே எண்ணினர். வெள்ளம் வடிந்தபின் மூட்டையை அகற்றுவது வழக்கம் அன்றோ?

உறைந்து போன ஒரு நாள்

இரண்டாம் உலகப்போர் அவ்வழக்கத்தை மாற்றிவிட்டது. 1941 டிசம்பர் 7ஆம் நாள் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. ரங்கூன் வீழ்ந்தது. குண்டுக்கு அஞ்சிக் கல்கத்தாவின் குடும்பங்கள் பல ஊரைக் காலி செய்தன. 1942 டிசம்பரில் குண்டுகளும் விழுந்தன. பின்னர்ப் படையினரும், பஞ்சத்தால் அலைக்கழிந்த கிராம மக்களும் இதே நகருக்குள் வந்தனர். காலியாகக் கிடந்த வீடு திடீரெனக் கிடைத்தற்கரியதாயிற்று. அரசு 1942, 1943ஆம் ஆண்டுகளில் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணைகளைப் பிறப்பித்தது. 1946இல் அவசரச் சட்டமும், விடுதலைக்குப் பின் 1948, 1950ஆம் ஆண்டுகளில் மேற்கு வங்கச் சட்டங்களும் தொடர்ந்தன.

வாடகையைக் கணிக்க 1950ஆம் ஆண்டுச் சட்டம் கொண்ட அடிப்படை நாள் 1941 டிசம்பர் முதல் நாள்; அதாவது பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு ஆறு நாள் முந்தைய நாள். இயல்பான வாழ்வின் இறுதி நாள் என்று அதனைக் கொண்டனர் போலும். அதற்குள் நாடு பிரிவினையைக் கண்டுவிட்டது. கிழக்கு வங்கத்திலிருந்து ஏதிலியர் அலை அலையாக வந்து, ரயில் நிலையங்களிலும் வெற்று நிலங்களிலும் தங்கினர். அந்நிலையில் குடியிருப்போரை வெளியேற்றலாகாது என்று அரசு கருதியது அறமே. அறம் எனினும், விலைவாசி ஓடிக்கொண்டிருக்க, வாடகைக்கு மட்டும் நாள்காட்டி நின்றுபோயிற்று.

வாடகையை நிறுத்திய சட்டத்தால் மனித ஆசையை நிறுத்த இயலவில்லை. வீடு பிடிப்போர் முன்கூட்டியே பெருந்தொகை தரவேண்டும் என்ற வழக்கம் தலையெடுத்தது. அதற்கு இந்நகர் இட்ட பெயர் சலாமி. சட்டம் அதனைத் தடை செய்தது. தடை செய்யப்பட்டதால் ரசீது இல்லாமற் போயிற்றேயன்றிச் சலாமி இல்லாமற் போகவில்லை. பழைய குடித்தனக்காரர் பழைய வாடகையில் நிலைத்திருந்தனர். சென்னை மெயிலில் அன்று வந்திறங்கிய இளைஞனோ சலாமிக்குப் பணம் தேடினான். சட்டத்தின் நிழல் உள்ளே இருந்தோர்க்கு. வெயில் புதிதாய் வந்தோர்க்கு என்றாயிற்று.

1956ஆம் ஆண்டுச் சட்டம்

நம் குடும்பங்களில் பெரும்பாலானவை நெடுங்காலம் வாழ்ந்தது 1956ஆம் ஆண்டு மேற்கு வங்கக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ்தான். 45 ஆண்டுகள் நடப்பிலிருந்த அச்சட்டம் குடியிருப்பவர்க்கு உண்மையான கவசமாக விளங்கியது. வாடகை கட்டத் தவறுதல், உள்வாடகைக்கு விடுதல், அண்டையார்க்குத் தொல்லை தருதல், உடைமையாளர்க்கே வீடு தேவைப்படுதல் போன்ற சட்டம் வகுத்த காரணங்கள் இன்றி எவரையும் வெளியேற்ற இயலாது. 1969ஆம் ஆண்டுத் திருத்தம் மற்றொரு வாயிலையும் அடைத்தது. குடியிருப்போரை விரட்டும் நோக்குடன் வீட்டை விலைக்கு வாங்குவோர், தமக்கே வேண்டும் என்று கூறி மூன்றாண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாகாது என விதித்தது.

இச்சட்டத்தின் அருமையை எம் இளமையிலேயே யாம் கண்டதுண்டு. ராஷ்பிஹாரி சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் எம் குடும்பம் இருந்த வீட்டின் உடைமையாளர், ஒருநாள் முதல் வாடகையை வாங்க மறுத்துவிட்டார். வாங்க மறுத்துப் பின் 'கட்டவில்லை' என்று வழக்கிடுவது அந்நாளைய உத்தி. எந்தையார் மணியார்டர் அனுப்புவார். 'வாங்க மறுத்தார்' என்ற குறிப்போடு அது திரும்பி வரும். உடனே வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் வரிசையில் நின்று தொகையைச் செலுத்தி, சலானைப் பெற்று வருவார். அச்சலான்கள் ஒரு தகரப்பெட்டியில், அன்னையாரின் திருமணப் புடைவைக்கு அடியில் இருந்தன. நகையினும் அப்பெட்டியையே வீட்டில் அஞ்சிக் காத்தோம். தண்ணீர் வரும் நேரம் சுருங்கியது. மாடிப்படியின் விளக்கு அணைந்தது. எனினும் வீடு நிலைத்தது. அந்தச் சலான்கள் இல்லாதிருந்தால் எம் பள்ளிப்படிப்பு எந்த ஊரில் முடிந்திருக்குமோ, அறியோம்.

இவ்வளவோடு நிறுத்தினால் கட்டுரை நமக்கு இனிக்கும்; ஆனால் நடுவுநிலை தவறும்.

மற்றொரு வீடு

அதே சந்தில் நான்கு வீடு தள்ளி ஒரு வங்க மூதாட்டி இருந்தார். கணவர் விட்டுச் சென்ற இரண்டடுக்கு வீடே அவருடைய ஒரே சொத்து. மாடியில் குடியிருந்தவர் நம்மவர்; சங்கத்து விழாக்களில் முன்வரிசையில் அமர்பவர். 1950களில் பேசிய 65 ரூபாயையே 1980களிலும் கொடுத்து வந்தார். பின்னர்த் தெற்கே சொந்த வீடு வாங்கிக்கொண்டு சென்றார். சென்றவர் மாடியைப் பூட்டிச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். காலி செய்ய வேண்டுமாயின் ஒரு தொகை தரவேண்டும் என்பது அவர் குறிப்பு. தொகை கொடுக்க மூதாட்டியிடம் பொருளில்லை. வழக்கு முடியும்வரை காத்திருக்க ஆயுளும் இல்லை. மழைக்காலத்தில் பூட்டிய மாடியின் வழியே அவர் சமையலறையில் நீர் ஒழுகும். அவர் எம் அன்னையாரிடம் கேட்ட வினா இன்றும் காதில் ஒலிக்கிறது: "என் வீட்டுக்கு நான் யார், அம்மா?"

எந்தையாரைக் காத்த அதே சட்டந்தான் அந்த மூதாட்டியை வாட்டியது. ஒரு சந்தில் நான்கு வீட்டு இடைவெளியில் அறமாகவும் அறக்கேடாகவும் நின்றது ஒரே ஏடு. பொல்லாத வீட்டுக்காரர் என்று நாம் ஒரு சாராரைச் சொல்லிப் பழகியிருக்கிறோம். வாடகை வருமானம் வரிக்கும் போதாதபோது பழுதுபார்க்க மனம் வராது; பழுதுபார்க்காத வீட்டில் குடியிருப்பவர் வாடகையைக் கூட்டித் தர ஒப்பார். இந்தச் சுழலில் இருவருமே பொல்லாதவர் ஆகின்றனர். பழுதுபார்க்க மறுப்பவர்மீது கட்டுப்பாட்டு அதிகாரியிடம் முறையிடும் உரிமையைச் சட்டம் தந்தது உண்மையே. ஆனால் 65 ரூபாய் வாடகையில் ஒரு மாடியின் தளத்தை மாற்றுவது எங்ஙனம் என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

இதனால் நகரமும் நலிந்தது. வீட்டின் ஆண்டு மதிப்பைக் கொண்டே மாநகராட்சி வரி விதித்தது. சட்டம் வகுத்த வாடகைக்கு மேல் அம்மதிப்பைக் கணிக்கலாகாது என 1960களின் தொடக்கத்தில் கல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாடகை உறைந்தபோது வரியும் உறைந்தது. அவ்வரியால் வரவேண்டிய குழாயும் சாக்கடையும் பின்தங்கின. வடக்குக் கொல்கத்தாவின் பழைய மாளிகைகள் மீது 'அபாயமான வீடு' என்று மாநகராட்சி மாட்டியுள்ள வங்கமொழிப் பலகைகளை நாம் இன்றும் காண்கிறோம். பலகைக்குக் கீழே துணி உலர்கிறது. உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன. வெளியேறினால் உரிமை போய்விடும் என்ற அச்சம், கூரை விழும் என்ற அச்சத்தினும் பெரிது.

பஸ்திகளின் கதை

லேக் மார்க்கெட்டு நடுத்தர வகுப்பினர் மட்டுமே இந்நகரில் ஒண்டியிருந்தோர் அல்லர். பஸ்திகளில் மூன்றடுக்கு உறவு நிலவியது. நிலம் ஒருவருக்கு உரியது. அதனைத் திக்காவாகப் பெற்றுக் குடிசை எழுப்பியவர் இன்னொருவர். குடிசையின் ஓர் அறையில் வாடகைக்கு வாழும் உழைப்பாளி மூன்றாமவர். 1949ஆம் ஆண்டுத் திக்காச் சட்டம் இரண்டாமவருக்குக் காப்பளித்தது. 1981ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தையே அரசின் உடைமையாக்கிற்று. நில உடைமையாளர் நீங்கினார். ஆனால் ஓர் அறையில் ஆறு பேராக வாழ்ந்த மூன்றாமவர் மூன்றாமவராகவே இருந்தார். சட்டம் ஏணியின் எந்தப் படியில் நிற்பவரைக் காக்கிறது என்று நோக்காமல், 'குடியிருப்போர் சட்டம்' என்ற பெயரைக் கொண்டே மகிழ்வது பேதைமை.

புதிய அளவுகோல்

பழைய அடிப்படை நாளைப் பற்றிக்கொண்டிருப்பது அறமாகுமா என்ற வினாவை உச்சநீதிமன்றமே 1997 டிசம்பரில் பம்பாய் வாடகைச் சட்டத்தைப் பற்றிய வழக்கில் எழுப்பியது. ஒரு காலத்தில் நியாயமாக இருந்த விதி, காலம் மாறியும் மாறாதிருந்தால் நியாயமற்றதாகிவிடும் என்பது அத்தீர்ப்பின் சாரம். மேற்கு வங்கமும் 1997ஆம் ஆண்டுப் புதுச்சட்டம் இயற்றி, 2001 ஜூலை 10ஆம் நாள் முதல் நடைமுறைப்படுத்தியது. நகரின் பெயர் அதிகாரமுறையில் கொல்கத்தா என மாறியதும் அதே 2001ஆம் ஆண்டில்தான்.

புதுச்சட்டம் தராசை மறுபுறம் சற்றே சாய்த்தது. கொல்கத்தா மாநகராட்சி எல்லைக்குள் மாதம் 6,500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகையுள்ள குடியிருப்புகளை அது தன் காப்பிலிருந்து விலக்கியது. தக்க வாடகை மூன்றாண்டுக்கு ஒருமுறை நூற்றுக்கு ஐந்து ஏறும் என்றது. கணக்கிட்டுப் பார்த்தால் 100 ரூபாய் வாடகை 30 ஆண்டுகளில் ஏறத்தாழ 163 ரூபாயாகும். விலைவாசியோடு ஒப்பிட்டால் இது நத்தையின் நடையே. எனினும் நின்றுபோன நாள்காட்டி நகரத் தொடங்கியது.

நம் குடும்பங்களை மிகவும் கலக்கிய விதி வேறொன்று. முன்னர்த் தந்தையின் குடித்தன உரிமை மகனுக்கும் பேரனுக்கும் சொத்துப்போல் இறங்கி வந்தது. புதுச்சட்டம், குடித்தனக்காரர் மறைந்தால் அவரோடு வாழ்ந்துவந்த பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஐந்தாண்டே காப்பு என்று வரையறுத்தது. சட்டம் நடைமுறைக்கு வருமுன்பே மறைந்தவர்களின் வழியினருக்கு அவ்வைந்தாண்டு 2006 ஜூலையில் முடிந்தது. வாழ்க்கைத் துணைக்கு மட்டும் அக்கால எல்லையைத் தளர்த்தியது. பாட்டனார் பிடித்த வீட்டில் பிறந்து, அங்கேயே நரை கண்டவர்கள் திடீரென்று தாம் துச்சிலில் இருப்பதை உணர்ந்தனர்.

தமிழ்நாட்டிலும் இதே திருப்பம் நிகழ்ந்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, எழுத்து மூலமான ஒப்பந்தத்தை இன்றியமையாததாக்கிய புதுச்சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நடுவண் அரசு 2021 ஜூனில் மாதிரி வாடகைச் சட்டத்திற்கு ஒப்புதல் அளித்து மாநிலங்களுக்கு அனுப்பியது. எங்கும் காற்று ஒப்பந்தத்தின் பக்கம் வீசுகிறது. கொல்கத்தாவில் இன்று வீடு தேடும் நம் இளைஞர் 11 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகின்றனர். பன்னிரண்டாம் மாதத்தைப் பற்றி எந்தச் சட்டமும் அவர்க்கு உறுதி கூறுவதில்லை. பாட்டனுக்கு அளவிறந்த காப்பு. பேரனுக்கு அளவே இல்லாத நிலையாமை. இரண்டும் நடுவுநிலைமை ஆகா.

நாம் வேண்டுவது யாது?

இவ்வரலாற்றை ஒருசேர நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. வாடகைச் சட்டங்கள் தோற்றத்தில் தவறியவை அல்ல. போரிலும் பிரிவினையிலும் அவை பல்லாயிரம் குடும்பங்களைத் தெருவுக்கு வராமற் காத்தன. பிறந்தபின் அவற்றை மீண்டும் எடுத்து நிறுத்துப் பார்க்காமையே பிழை. தராசு ஒருமுறை சமன் செய்யப்பட்டால் போதாது. ஒவ்வொரு முறையும் எடை போடுமுன் சமன் பார்க்க வேண்டும். வணிகர் குலத்துப் பிள்ளையும் அறிந்த இச்செய்தியை ஆள்வோர் அரை நூற்றாண்டு மறந்திருந்தனர்.

ஆதலால், வாடகை காலத்தோடு ஏறட்டும். ஏறும் தொகையில் ஒரு பகுதி வீட்டின் பழுதுக்கே செல்லட்டும். காரணமின்றி வெளியேற்றலாகாது என்னும் விதி, பழையவர்க்குப் போலவே நேற்று வந்தவர்க்கும் பொருந்தட்டும். தண்ணீரும் விளக்கும் எந்தப் பிணக்கிலும் படைக்கலம் ஆகாதிருக்கட்டும். ஒரே வீட்டை நம்பி வாழும் முதியவரும் நூறு வீடு படைத்தவரும் சட்டத்தின் முன் ஒரே 'உடைமையாளர்' என்று எண்ணப்படாதிருக்கட்டும்.

இவற்றை அரசிடம் கேட்கும் நாம், நம்மிடமும் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். நம்முள் பலர் இன்று சொந்த அடுக்குமாடி வீடுகளுக்கு உரியவர்கள். அவற்றை வாடகைக்கும் விடுகிறோம். ஊர், மொழி, உணவு கேட்டு வீடு மறுக்கப்பட்ட நினைவு நம் முதியோர்க்கு உண்டு. அதே கேள்விகளை நாம் இப்போது வீடு தேடி வரும் பிறரிடம் கேட்கிறோமா? பூட்டிய மாடியின் சாவி இன்னமும் நம்முள் யாரிடமேனும் இருக்கிறதா?

எந்தையாரின் தகரப்பெட்டி இப்போது எம்மிடம் உள்ளது. சலான்களின் மை மங்கிவிட்டது. அவற்றை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் நான்கு வீடு தள்ளி ஒழுகிய அச்சமையலறையும் நினைவிற்கு வருகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே நினைப்பவரே இந்நகரின் வாடகைச் சட்டத்தை நடுநின்று பேச வல்லவர். துச்சிலில் இருந்து பார்த்தவர்கள் நாம். புக்கில் கிடைத்தபின் அதனை மறவாதிருப்போமாக.